கத்தரிக்கோல் யார் கையில்

1

இந்தக் கதையை நான் தமிழில் எழுதுவதற்கு மொழிப்பற்று காரணமில்லை. இந்தக் கட்டிடத்தில் என்னைத் தவிர ஒருவருக்கும் தமிழ் தெரியாது, அதுதான் காரணம். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பின்னால் நீங்கள் என் மென்னியைப் பிடிக்க முடியாது.

நடந்தது இது. ஆல்மாட்டியில் நான் வேலை பார்க்கும் ரொட்டிக் கம்பெனியின் முதலாளி ஷாய்மெர்தென் அகா செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். (அகா என்றால் அண்ணன். பெயரும் சொல்ல வேண்டும், மரியாதையும் குறையக் கூடாது என்றால் இங்கே அதுதான் வழி.) மேசையில் பால் விட்ட தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே அவருடைய கைபேசி. அதை அவர் அரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“டாக்டர், உக்காரு.”

நான் டாக்டர் இல்லை. மருத்துவம் படிக்க இந்த ஊருக்கு வந்து, பிணவறை வாசலோடு திரும்பி, இவருடைய மாவு மில்லில் கரை ஒதுங்கியவன். வெளிநாட்டு இயந்திரக் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதுவது என் வேலை. டாக்டர் ஆகாததால்தான் எல்லோரும் டாக்டர் என்கிறார்கள்.

“நம்ம கைசார் இருக்கானே.”

“தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி.”

“அவனேதான். அவன் என்னதான் வேலை பார்க்கறான்னு ஒரு பக்கம் எழுதிக் குடு. எனக்குப் புரியற மாதிரி.”

“அவரையே கேட்டுடலாமே அகா.”

“கேட்டேனே. படம் போட்டுக் காமிச்சான். அம்பு அம்பா இருந்துது. இந்தக் கடைசி அம்பு எங்கடா போகுதுன்னு கேட்டா, மறுபடி முதல் அம்புக்கே வந்துடுதுங்கறான். அதுக்கு எதுக்கு அம்பு?” கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். “ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி வேணும். அதைப் படிச்சுட்டுத்தான் அவனை வெச்சுக்கறதா, அனுப்பறதான்னு முடிவு பண்ணணும்.”

ஒரு பக்கம் கேட்டார். அதற்குப் பதிலாக இது வந்து நிற்கிறது.

2

முதலில் நேர்மையாகத்தான் முயன்றேன். கிழித்துப் போட்ட தொடக்கங்களை இங்கே ஒட்டி வைக்கிறேன்.

அ) “ஆல்மாட்டிக்குத் தெற்கே, பனி மூடிய மலைகளின் மடியில்—”

(வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் மலையில் தொடங்கி ஆப்பிளில் முடிப்பார்கள். இங்கே குடியிருப்பவர்களுக்கு மலை வழி சொல்லத்தான் உதவுகிறது. ‘மேலே போ’ என்றால் மலைப் பக்கம். ‘கீழே போ’ என்றால் மற்றப் பக்கம்.)

ஆ) “தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி என்பவர் நிறுவனத்தின் தொலைநோக்குக்கும் அன்றாடச் செயல்பாட்டுக்கும் இடையே ஒருங்கிணைந்த—”

(இதை எழுதிவிட்டு நானே படித்துப் பார்த்தேன். கைசாரின் பெயரை எடுத்துவிட்டு எங்கள் மாவு சலிக்கும் இயந்திரத்தின் பெயரைப் போட்டாலும் பொருந்தியது.)

இ) “கைசார் நேர்மையான மனிதர்.”

(சின்ன வாக்கியம். நன்றாகவும் இருக்கிறது. உண்மையா என்பதை நான்காம் பகுதிவரை ஒத்திப்போடுகிறேன்.)

3

கைசாருக்கு நாற்பதைத் தொட்ட வயது. தலையில் எப்போதும் ஒரு கம்பளித் தொப்பி. அவர் அறைக் கதவில் மூன்று மொழிகளில் பதவிப் பெயர் எழுதியிருக்கிறது. மூன்றையும் படித்தவர்களுக்கும் அவர் என்ன செய்கிறார் என்பது தெரியாது. தெரியாததால், ஒயர் உள்ள எதுவும் அவருடைய பொறுப்பு என்று கம்பெனி தனக்குத் தானே ஒரு முடிவுக்கு வந்திருந்தது.

“தம்பி, இந்தக் கெட்டில் சூடாகல, பாரு.” இது குல்பர்ஷின் அக்கா. லாரிகளில் ரொட்டி ஏற்றி அனுப்பும் பிரிவுக்குத் தலைவி. அவர் குரல் அறைக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவர் வருவார்.

“அக்கா, அது கணினி இல்ல.”

“ஒயர் இருக்கே.”

கைசார் கெட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார். அதற்கு முன் முதலாளி வீட்டு டிவியின் ரிமோட், அதற்கும் முன் விருந்துகளில் பாடுகிற மைக். வெளிநாட்டில் படித்து வந்தவர் இதையெல்லாம் முகம் சுளிக்காமல் சரி பார்த்துக் கொடுத்தார். ஆனால் கூட்டங்களில் அவருக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தால் பழி தீர்த்துக்கொள்வார். ‘மாற்றம்’ என்பார். ‘பயணம்’ என்பார். வெள்ளைப் பலகையில் அம்புகள் பறக்கும். மாவு மூட்டை தூக்கிப் பழகியவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். கொட்டாவிக்கும் வாய் அப்படித்தான் திறக்கும் என்பதை அவர் கவனிக்க மாட்டார்.

இவரைக் கொஞ்சம் அதிகமாகக் கிண்டல் செய்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது. ஒன்றைச் சொல்லி ஈடு கட்டுகிறேன். குலுனைச் செய்தவர் அவர்தான்.

குலுன் என்றால் குதிரைக்குட்டி. கம்பெனியின் புதிய செயலிக்கு முதலாளி வைத்த பெயர். குலுனுக்கு முன்னால், கடைக்காரர்கள் விடியற்காலையில் குல்பர்ஷின் அக்காவுக்குப் போன் போட்டுக் கத்துவார்கள். அவர் அடுப்புக்காரர்களைப் பார்த்துக் கத்துவார். அடுப்புக்காரர்கள் லாரிக்காரர்களைப் பார்த்துக் கத்துவார்கள். ஊருக்கு ரொட்டி போய்ச் சேரும்போது எல்லோருக்கும் தொண்டை கட்டியிருக்கும். குலுன் வந்ததும், கடைக்காரர் தன் போனில் எண்ணிக்கையைத் தட்டினால் அது அடுப்புக்கும் லாரிக்கும் தானாகப் போய்ச் சேரும். யாரும் கத்த வேண்டாம்.

நல்ல வேலை. கைசார் இதைச் சொன்னபோது அம்பு போடவே இல்லை.

4

குலுன் தயாரானதும் ஷாய்மெர்தென் அகா அதைத் தன் போனில் பார்த்தார். நானும் அங்கே இருந்தேன், குல்பர்ஷின் அக்காவும் இருந்தார், கணக்குப் பிரிவு ஆட்கள் சுவரோரம் நின்றார்கள்.

“நல்லாத்தான் இருக்கு. இதுல நான் எங்க இருக்கேன்?”

“அகா?”

“எங்கப்பா வாசல்ல நின்னுக்கிட்டு ஒவ்வொரு வண்டியையும் பார்த்துத்தான் அனுப்புவாரு. அவர் தலையாட்டினாத்தான் குதிரை நகரும். நீ எல்லாத்தையும் போனுக்குள்ள போட்டுட்டே. நான் எங்க போய் நிக்கறது? அதனால இந்த போன்லயே நிக்கறேன். ஒவ்வொரு கடை ஆர்டரும் எனக்கு வரட்டும். ‘சரி’ன்னு ஒரு பொத்தான், ‘வேண்டாம்’னு ஒரு பொத்தான் வை. நான் ‘சரி’ அழுத்தினப்புறம் ரொட்டி போகட்டும்.”

“அகா, அது…” என்றார் கைசார்.

கதையில் பாதியில் நின்ற வாக்கியங்கள் நிறைய வருவதை மேலே பார்த்திருப்பீர்கள். என்னுடையவை நின்றால் தாள் மட்டும்தான் வீண். இது நின்றதில்தான் எல்லாம் நடந்தது. மீதி வாக்கியம் அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ‘அகா, அது சரிப்படாது. நீங்கள் தூங்குவீர்கள், குளிப்பீர்கள், சம்பந்தி வீட்டுக்குப் போவீர்கள். ரொட்டி உங்களுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும்.’ அவ்வளவுதான். கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்குக்கூடப் புரிகிற விஷயம்.

“என்ன?” என்றார் ஷாய்மெர்தென் அகா, நிமிர்ந்து.

“அது நல்ல யோசனைன்னு சொல்ல வந்தேன்.”

முதல் வரைவில் கைசார் அந்த வாக்கியத்தை முடித்தார். முடித்ததோடு நிற்காமல் ஒன்றரைப் பக்கம் வீர வசனமும் பேசினார். எழுதி முடித்துவிட்டு நான் எழுந்து நின்று கை தட்டாத குறை. பிறகு அடித்துவிட்டேன். அவர் அப்படிப் பேசவில்லை. அடுத்த வரைவில், அவர் பேசாததற்குக் காரணமாக ஒரு நோயாளித் தகப்பனாரைக் கொடுத்தேன். அவருடைய அப்பா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார், வாரா வாரம் மலை ஏறுகிறார். அவரையும் எடுத்துவிட்டேன்.

உண்மையான காரணம் சின்னது. இங்கே நாலு பேர் முன்னால் பெரியவர் பேச்சை வெட்டுவது, அவர் வீட்டு விரிப்பில் செருப்போடு நடப்பது போல. தனியாகப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று கைசார் நினைத்தார். தனியாக இருந்தபோது, நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார்.

(மேலே இ) என்று ஒரு வாக்கியம் வைத்தேனே, அதை இப்போது எப்படிப் படிக்கிறீர்கள்?)

5

பிள்ளை நடை பழகியதும் இங்கே ஒரு சடங்கு செய்வார்கள். கால் இரண்டையும் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிற்றால் கட்டி, வெள்ளைத் துணியில் நிறுத்தி, மதிப்புள்ள ஒருவரைக் கொண்டு கயிற்றை வெட்டச் சொல்வார்கள். வெட்டுகிறவர் எப்படியோ பிள்ளையின் நடையும் அப்படியே என்று நம்பிக்கை. கத்தரிக்கோலை யாரிடம் கொடுப்பது என்பதில் உறவுகள் முறியும். (கால்கட்டு என்றால் நமக்குக் கல்யாணம். இவர்கள் அதை ஒரு வயதிலேயே வெட்டி எறிந்துவிடுகிறார்கள் என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.)

குலுனுக்கும் கால்கட்டு வெட்ட வேண்டும் என்றார் முதலாளி.

“அகா, அதுக்குக் கால் இல்லியே” என்றார் கைசார். இதை மட்டும் முழுசாகச் சொன்னார்.

“சக்கரம் இருக்கில்ல?”

இருந்தது. குலுன் ஓடுகிற கணினிகளை அடுக்கிய இரும்பு அலமாரிக்கு அடியில் நாலு சக்கரம். முன்சக்கரங்களைக் கயிற்றால் கட்டினார்கள். வெட்டுவதற்கு மெய்ராம்பெக் அகாவைக் கூப்பிட்டார்கள்.

மெய்ராம்பெக் அகா முதலாளியின் மச்சினர், விற்பனைத் தலைவர். ஆள் பருமன், அதைவிடப் பெரிய குரல். விருந்தில் அவர் பாடினால் சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து நிற்பார்கள். எதற்கும் நேரத்துக்கு வந்ததில்லை. ஆனால் அந்த வட்டாரத்தில் பாதிப் பிள்ளைகளின் கால்கட்டை வெட்டியவர் அவர்தான். ‘என் கையால வெட்டின எந்தப் பிள்ளையும் தடுக்கி விழுந்ததில்ல’ என்பார். மற்ற எந்தத் திறமையைப் பற்றியும் அவர் பெருமை பேசி நான் கேட்டதில்லை.

அன்றைக்கும் தாமதமாக வந்தார். வந்து, மண்டி போட்டு, இரும்பு அலமாரியைத் தட்டிக் கொடுத்து, “ஓடு கண்ணு, யார் கண்ணும் படாம ஓடு” என்று சொல்லி வெட்டினார். பெண்கள் மிட்டாய்களை அள்ளி இறைத்தார்கள். ஒரு மிட்டாய் அலமாரியின் காற்றாடிக்குள் போய், இரண்டு நாள் அந்த அறை கரகரவென்று இருமிக்கொண்டிருந்தது. கைசார் தரையில் படுத்து அதை எடுத்தார்.

6

ரொட்டி தாமதமாகப் போக ஆரம்பித்தது.

கடைக்காரர்கள் விடியலில் தட்டினார்கள். குலுன் கண் இமைக்கும் நேரத்தில் அதை முதலாளியின் போனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே நின்றது. அவர் எழுந்து, கை கால் கழுவி, தேநீர் குடித்து, மூக்குக் கண்ணாடியைத் தேடி, ஒவ்வொரு கடையாகப் படித்து, இந்தக் கடைக்காரன் தகப்பன் நல்லவன், இவன் மாமன் சரியில்லை என்று யோசித்து ‘சரி’ அழுத்தும்வரை லாரிகள் நின்றன. வியாழக்கிழமை மோசம். அன்று அவர் நண்பர்களோடு நீராவிக் குளியலுக்குப் போவார். போனை உள்ளே கொண்டுபோக முடியாது. அவர் வேர்த்து, குளிர்ந்த நீரில் முங்கி, மறுபடி வேர்த்து, வெளியே வரும்வரை நகரத்தின் பாதிக் கடைகளில் ரொட்டித் தட்டு காலி.

எங்கே நிற்கிறது என்பது கைசாரின் திரையில் தெரிந்தது. ஒரே ஒரு இடத்தில் சிவப்புப் புள்ளி. அதில் முதலாளியின் பெயர்.

கூட்டம் போட்டார்கள். “ஏன் லேட்?” என்றார் ஷாய்மெர்தென் அகா. கைசார் தொப்பியைக் கழற்றினார். அவர் வாயைத் திறப்பதற்குள் குல்பர்ஷின் அக்கா முந்திக்கொண்டார்.

“வெட்டின கை யாரோடது அகா? விருந்து முடிஞ்சு தட்டு எடுக்கறப்ப வர ஆளு. குட்டியும் அதே மாதிரிதானே நடக்கும்?”

எல்லோரும் சிரித்தார்கள். மெய்ராம்பெக் அகாவும் சிரித்தார். அது வேடிக்கை என்றுதான் அவர் நினைத்தார்.

முதலாளி சிரிக்கவில்லை. கைசார் பக்கம் திரும்பி, “அப்படியும் இருக்குமோ?” என்றார்.

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தேன். கைசாருக்கு நான் இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். பயன் இல்லை. திரும்பி வந்தபோதும் அவர் அதையேதான் சொன்னார்.

“இருக்கலாம் அகா. வேற கையால இன்னொரு தரம் வெட்டிப் பார்க்கலாம்.”

7

இரண்டாம் முறை குல்பர்ஷின் அக்கா வெட்டினார். மிட்டாய் இறைக்க வேண்டாம் என்று கைசார் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து ரொட்டி நேரத்துக்குப் போனது. வியாழக்கிழமையும் போனது.

கைசார் எனக்கு அதைச் சொன்னது சமுசாக் கடையில். சூடான சமுசாவை ஊதி ஊதித் தின்றுகொண்டே, வானிலையைச் சொல்வது போலச் சொன்னார்.

“பொத்தானைக் கழட்டிட்டேன்.”

“அகா போன்ல இருக்கே. காலைல கூட அழுத்திக்கிட்டிருந்தாரே.”

“இருக்கும். அழுத்தினா பச்சையாகும்.”

“எதோட இணைச்சிருக்கீங்க?”

“பச்சை நிறத்தோட.”

நான் சிரித்த சிரிப்பில் இறைச்சி புரை ஏறிவிட்டது. கைசாரும் சிரித்தார். அவருடைய வாழ்க்கையிலேயே மிக நேர்த்தியான வேலை அது என்றார். ஆர்டர் வந்ததும் அடுப்புக்குப் போய்விடும். முதலாளியும் தன் பாட்டுக்கு வாசலில் நிற்பார். யாருக்கும் நஷ்டமில்லை.

யாருக்கும் நஷ்டமில்லை என்று அவர் சொன்னதை நான் அப்போது நம்பினேன். நீங்களும் நம்பியிருப்பீர்கள், அவ்வளவு நல்ல சமுசா.

குல்பர்ஷின் அக்காவின் கைராசி ஊரெல்லாம் பரவியது. மேலே மலையடியிலிருந்தும் கீழே சந்தைப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவரும் ஒரு நல்ல கத்தரிக்கோல் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். மெய்ராம்பெக் அகாவை அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

8

(இந்தப் பகுதியில் குல்பர்ஷின் அக்காவைக் கெட்டவளாகக் காட்டியிருந்தேன். நேற்று எனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று தெரிந்து, தன் வீட்டிலிருந்து ஆட்டுக் கொழுப்பு போட்ட சூப் கொண்டுவந்து கொடுத்தார். அதனால் எடுத்துவிட்டேன். அந்தம்மாள் செய்தது ஒரு கேலி. அதை உண்மையாக்கியது வேறு ஆள்.)

9

போன வெள்ளிக்கிழமை மெய்ராம்பெக் அகா கைசாரின் அறைக்கு வந்தார். நான் அங்கே ஒரு கடிதத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எழப் போனவனை “இரு டாக்டர்” என்று உட்கார வைத்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே இரண்டு கையையும் மேசையில் விரித்து வைத்தார்.

“கைசார், நீ படிச்சவன். வெளிநாடெல்லாம் போய் வந்தவன். இதைப் பார்த்துச் சொல்லு. என் கையில என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல அகா.”

“அடுத்த ஞாயித்துக்கிழமை இன்கருக்குக் கால்கட்டு. என் பொண்ணு வயித்துப் பேத்தி. குல்பர்ஷினைக் கூப்பிட்டிருக்கா. ‘அப்பா, நீ பாட்டு மட்டும் பாடு, போதும்’னு சொல்றா. அவ மேல தப்பில்ல. பிள்ளை நல்லா நடக்கணும்னு பெத்தவ நினைக்கத்தானே செய்வா.”

மெய்ராம்பெக் அகா உள்ளங்கைகளை மேலே திருப்பினார்.

“என் கையில ஒண்ணுமில்லேன்னா, அப்ப ஏன் ரொட்டி லேட்டா போச்சு?”

“அகா, அது…”

“சொல்லு தம்பி. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

கைசார் ஒரு தாளை இழுத்து, பேனாவை எடுத்து, ஒரு கட்டம் வரைந்தார். கட்டத்திலிருந்து ஒரு அம்பு வரைந்தார். அம்பு முடியும் இடத்தில் பேனா நின்றது. மெய்ராம்பெக் அகா அந்தத் தாளைப் பார்த்தார், பிறகு தன் கைகளைப் பார்த்தார், பிறகு அவற்றைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அழுகை வந்தது. கேலிக்கதை எழுதுகிறவன் இதைச் சொல்லக் கூடாதாம். வந்தது, சொல்கிறேன்.

10

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை.

ரயில் நிலையத்துக்குக் கீழே ஒரு கடைக்காரர், எங்கள் ரொட்டியைவிடப் போட்டிக் கம்பெனி ரொட்டி மிருதுவாக இருக்கிறது என்று ஒரு கல்யாண வீட்டில் சொல்லிவிட்டார். அது முதலாளியின் காதுக்கு வந்துவிட்டது. காலையில் அந்தக் கடைக்காரரின் ஆர்டர் திரையில் வந்ததும், ஷாய்மெர்தென் அகா என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினார். அழுத்தி, கட்டை விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பொத்தான் சிவப்பானது.

“இன்னிக்கு அவன் மிருதுவானதையே தின்னட்டும்.”

ரொட்டி போய்விட்டது. போகாமல் என்ன செய்யும்?

மத்தியானம் முதலாளி என்னை மறுபடி கூப்பிட்டார், நான் உள்ளே நுழையும்போது அந்தக் கடைக்காரர் போன் செய்தார். ஒலிபெருக்கியில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

“அகா, நான் வாய் தவறி என்னமோ உளறிட்டேன். நீங்க மனசுல வெச்சுக்காம ரொட்டி அனுப்பிட்டீங்க. வேற யாருக்கு வரும் இந்தப் பெரிய மனசு? எங்கம்மா உங்களுக்காகத் துவா கேட்டுக்கிட்டிருக்கா.”

ஷாய்மெர்தென் அகா “ம்” என்றார். கொஞ்சம் கழித்து மறுபடி “ம்” என்றார். “இருக்கட்டும், பரவால்ல” என்று சொல்லி வைத்தார். போனை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான், ‘டாக்டர், உக்காரு’ என்றார்.

முதல் பகுதிக்கு வந்துவிட்டோம். கைசாரின் அம்பு மாதிரி.

முதலாளிக்குத் தெரிந்துவிட்டதா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், எல்லாம் தெரிந்துகொண்டு என்னை வைத்து வலை விரிக்கிறார். இன்னொன்றில், ரொட்டி போனதற்குத் தன் பெரிய மனசுதான் காரணம் என்று நம்பத் தொடங்கியிருக்கிறார். இரண்டிலும் அவர் முகம் ஒரே மாதிரி இருந்தது. நான் என்ன செய்யட்டும்?

11

முடிவுகள்.

முதல் முடிவில், கைசார் உண்மையைச் சொல்கிறார். முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்புகிறார். கைசார் தாஷ்கென்ட் போய் வேறு வேலை தேடிக்கொள்கிறார். குலுன் படுத்துவிடுகிறது. ஊரே ரொட்டிக்குத் தவிக்கிறது. நீதி கிடைத்த திருப்தி. மெய்ராம்பெக் அகா இதில் எங்கே போனார் என்று யாரும் கேட்க மாட்டார்கள், நானும் மறந்துவிட்டேன்.

இரண்டாம் முடிவில், முதலாளி கைசாரைக் கட்டிப் பிடித்து, “இத்தனை நாள் இதைச் சொல்ல ஒருத்தன் வர மாட்டானான்னு பார்த்தேன்” என்கிறார். புளித்த குதிரைப்பாலான குமிஸ் ஊற்றுகிறார்கள். எல்லோர் கண்ணிலும் நீர். இதை எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது.

மூன்றாம் முடிவில் அந்த ஒரு பக்கத்தை நான் எழுதுகிறேன், எல்லா உண்மையும் அதில் இருக்கிறது, எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அதனாலேயே அடித்துவிட்டேன். பொத்தானைக் கழற்றியவர் நான் இல்லை.

உண்மையில் நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: “கைசாரின் வேலை, ஷாய்மெர்தென் அகாவிடம்”.

அதற்கு மேல் பேனா ஓடவில்லை. வெள்ளிக்கிழமை அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“மீதி எங்க?” என்றார் முதலாளி.

“எனக்கு வரல அகா. அவருக்குத்தான் தெரியும்.”

தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் காலி. மேசையில் போன் ஒளிர்ந்தது. பேச்சை நிறுத்தாமல் ஒரு கடைக்கு ‘சரி’ அழுத்தினார். பச்சையானது.

“அப்ப இதை அவன்கிட்டயே குடு. அவனே முடிக்கட்டும். ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடின்னு சொல்லு.”

12

இன்று சனிக்கிழமை.

கைசார் அந்தத் தாளைத் தன் மேசையில் வைத்திருந்தார். நான் போனபோது அதன் மேல் அம்பு எதுவும் இல்லை. பக்கத்தில் குல்பர்ஷின் அக்காவின் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. சரி பண்ணிவிட்டார் போல.

“டாக்டர், என்னை வெச்சு என்னமோ எழுதிக்கிட்டிருக்கீங்களாமே, உங்க பாஷையில.”

“யார் சொன்னா?”

“எழுதினதைக் கம்பெனிக் கணினியில தட்டி வெச்சா எல்லாம் என் அலமாரியிலதான் வந்து விழும். படிக்கல. கொடி கொடியா இருக்கு, பார்க்க அழகா இருக்கு.” கெட்டிலை அணைத்துவிட்டுக் கேட்டார். “அதுல நான் சொல்லிடறேனா?”

“இன்னும் எழுதல.”

“எழுதிட்டா சொல்லுங்க. எனக்கும் சுலபமா இருக்கும்.”

இருவரும் சிரித்தோம். பிறகு அவர் தொப்பியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு மேல் மாடிக்குப் போனார். நானும் பின்னாலேயே போய்ப் படிக்கட்டில் நின்றேன். முதலாளியின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவர் மட்டும்தான். நாலு பேர் இல்லை.

“அகா, அது…” என்றார் கைசார்.

உள்ளேயிருந்து இருவரில் யாரோ கதவைச் சாத்தினார்கள்.

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. கதையை எழுதுகிறவன் நான்தான், மூடிய கதவை ஒரு வரியில் திறந்துவிடலாம். ஆனால் இந்த வாக்கியத்தை ஒரு முறை நான் இவருக்காக முடித்துவைத்து, அது பொய்யாகிப்போனது. மறுபடி செய்ய மாட்டேன். வேண்டுமானால் நீங்கள் முடிவு செய்யுங்கள். உங்களுக்காக இரண்டு பொத்தான் வைத்திருக்கிறேன்.

[ முழுசாகச் சொல்லட்டும் ]

[ வேண்டாம் ]

அழுத்திவிட்டீர்களா? நல்லது. நீங்களும் கொஞ்ச நேரம் வாசலில் நின்றாயிற்று.

நாளைக்கு வெள்ளைத் துணி விரிப்பார்கள். இன்கர் குட்டி கறுப்பு வெள்ளைக் கயிற்றோடு அதில் நிற்கும். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நடக்க ஆரம்பித்த பிறகுதானே இங்கே கயிறே கட்டுகிறார்கள். அது வீடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது, யார் வெட்டினாலும் ஓடும். அது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. என் கவலை அதன் தாத்தாவைப் பற்றி. படிக்கட்டில் நான் நின்றுகொண்டிருந்தபோது மெய்ராம்பெக் அகா போன் செய்தார். எந்த விருந்துக்கும் நேரத்துக்கு வராதவர், நாளைக்கு எல்லோருக்கும் முன்னால் போய்த் துணியைத் தானே விரிக்கப் போவதாகச் சொன்னார்.